350 ராண்ட் குடுத்து பில்லி நாயர் டூர் போயிட்டு வந்தேன், போலாமா வேணாமான்னு சொல்றேன்

போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை தென்னாப்பிரிக்கால நம்ம டர்பன் டவுனுக்குள்ள, பில்லி நாயர்ங்கற பழைய தொழிற்சங்கத் தலைவர பத்தின அந்த நடை டூர் போயிட்டு வந்தேன். கோயில்ல பாக்குறப்பல்லாம் எப்படி இருந்துச்சு எப்படி இருந்துச்சுன்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிடறேன். நடத்துறவங்க பேரை போடல, ரெண்டு மூணு சின்னப் பசங்க சேந்து நடத்துற விஷயம், நான் வேற குறை சொல்லப்போறேன், பொழப்புல மண்ணு விழவேணாம். வேணுங்கறவங்க என்கிட்ட தனியா கேளுங்க நம்பர் தர்றேன்.

தலைக்கு 350 ராண்ட். காலைல 7:30க்கு வார்விக் ஜங்ஷன்ல ஆரம்பம், மதியம் ஒரு மணிக்கு பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு குழம்பு ஊத்தித் தர்றது) சாப்பாட்டோட முடிவு. அஞ்சரை மணி நேரத்துக்கு பரவால்ல ரேட்டுதான். புக்கிங் வாட்ஸப்ல, பணம் முன்னாடியே போட்டுடணும், நான் போட்டு ரெண்டு நாள் பதிலே இல்ல, காசு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், மூணாவது நாள் ஒரு தம்ஸ் அப் மட்டும் வந்துச்சு. அதுதான் ரசீதாம்.

டூரோட விஷயம் பில்லி நாயர். ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு தெரியாது, அதனால வேகமா சொல்லிடறேன். 1929ல இங்க சிடன்ஹாம்ல பொறந்தவர், பால் கம்பெனில வேலைக்கு சேந்து சங்கம் சங்கம்னு அலைஞ்சு வேலை போயி, 1951லேர்ந்து பால் தொழிலாளர் சங்கத்துக்கே முழுநேர செயலாளர் ஆனவர். 1955 மார்ச்ல சாக்டு (SACTU, தென்னாப்பிரிக்க தொழிற்சங்க காங்கிரஸ்) ஆரம்பிச்சப்போ அதுல முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர், கறுப்பு வெள்ளை இந்தியன் கலர்டுன்னு (கலப்பினத்தவர்) பிரிக்காம எல்லா தொழிலாளிக்கும் ஒரே சம்மேளனம்னு கிளம்புனது அது. நிறவெறி அரசாங்கம் போட்ட 1956 தேசத்துரோக வழக்குல மாட்டுன 156 பேர்ல இவரும் உண்டு. 1963ல புடிச்சாங்க, 20 வருஷம் கேப்டவுன் பக்கத்து ராபன் தீவு ஜெயில், அங்கயே உக்காந்து ரெண்டு டிகிரி வாங்கிட்டார். 1984 பிப்ரவரில விட்டாங்க, அந்த வருஷமே செப்டம்பர்ல மறுபடி போலீஸ் தேடுதுன்னதும் இன்னும் அஞ்சு பேரோட டர்பன் பிரிட்டிஷ் தூதரக ஆபீஸுக்குள்ள போயி உக்காந்துட்டார், டிசம்பர் வரைக்கும் வெளிய வரல. 94லேர்ந்து பத்து வருஷம் எம்பி. 2008 அக்டோபர்ல இறந்துட்டார்.

இவ்வளவையும் போன்ல தட்டினா வந்துடும், இதுக்கு 350 ராண்ட் எதுக்குன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு ஒரு காரணம் இருக்கு. எங்கப்பா கோவில்பட்டில மில்லு தொழிலாளி, ஏஐடியூசில இருந்தவர், சம்பளம் போட்ட மறுநாள் காலைல ஒரு நீட்டு நோட்டும் காதுல பென்சிலுமா கிளம்பிடுவார் சந்தா வாங்க. மதியம் ரெண்டு மணி வரைக்கும் வரமாட்டார். மொத்தம் நூறு வீடுகூட இருக்காது, ஒரு மணி நேர வேலை. ஆனா ஒவ்வொரு வீட்லயும் திண்ணைல உக்காந்து அந்த வீட்டு மொத்த புலம்பலையும் கேட்டுட்டுதான் வருவார், அம்மா சோத்தை மூடி வெச்சு திட்டிட்டே இருப்பாங்க. அதனால யூனியன்காரர் வாழ்க்கைன்னா எனக்கு ஜெயிலு மேடை எல்லாம் கண்ணுக்கு வராது, அந்த நோட்டுதான் வரும். பால் சங்கத்துக்கு பில்லி நாயர் எப்படி ஆள் சேத்தார், எந்த கேட்ல நின்னார், எத்தனை பேர் மூஞ்சிய திருப்பிக்கிட்டு போனாங்க, இது கிடைக்கும்னு நினைச்சுதான் போனேன்.

கூட சாட்ஸ்வொர்த் ஏரியா ஆன்ட்டிய கூட்டிட்டு போனேன். எங்க காலனில பாதி பேருக்கு அவங்கள தெரியும், வெள்ளிக்கிழமை கோயில்ல புளியோதரை கட்டி குடுப்பாங்களே அவங்கதான். இங்க வந்த தமிழருங்கள்ல நாலாவது தலைமுறை. அவங்க ஆயா பேசுன தமிழ் மட்டும் மிச்சம் இருக்கு, அதுல பாதி இங்கிலீஷு, நடுவுல ஜூலுவும் வரும், ஆனா "கண்ணு"ன்னு கூப்புட்டா அசல் வட ஆற்காடு. சும்மா பொழுது போகும் வாங்கன்னு இழுத்துட்டு போனேன், டூரோட பெஸ்ட் பார்ட்டே அவங்கதான் ஆகப்போறாங்கன்னு சத்தியமா தெரியாது.

மொத்தம் ஒன்பது பேர். ரெண்டு ஜெர்மன்காரங்க, ஒரு வாத்தியார், ஜோபர்க்லேர்ந்து (ஜோஹன்னஸ்பர்க்) வந்த ஒரு குடும்பம், நாங்க ரெண்டு பேர். கைடு இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஹிஸ்டரி படிக்கிற பையன், நல்ல பையன், உண்மைலயே ஆசையா பேசறான். ஆனா இடுப்புல கட்டியிருந்த அந்த குட்டி ஸ்பீக்கர் இருக்கே, வார்விக்ல டாக்ஸிங்க அடிக்கிற ஹாரன்ல ஒரு மண்ணும் கேக்கல. காலைச்சந்தைக்கு பக்கத்துல பத்து நிமிஷம் பேசினான், எனக்கு கேட்டது "1934" மட்டும்தான், அது சந்தை தொறந்த வருஷம், அது எனக்கு முன்னாடியே தெரியும்.

அங்கேர்ந்து யோஹானஸ் ங்கோசி தெரு. பழைய பேர் அலிஸ் ஸ்ட்ரீட், ஆன்ட்டி இன்னும் அலிஸ்னுதான் சொல்றாங்க. இத்தனை வருஷமா பஸ்ல போறேன், யார் இந்த ங்கோசின்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கம்யூனிஸ்ட் கட்சிக்காரராம், 1930 டிசம்பர் 16 கார்ட்ரைட்ஸ் ஃப்ளாட்ஸ்ல பாஸ் புத்தகத்தை (கறுப்பு ஆளுங்க எப்பவும் கைல வெச்சிருக்கவேண்டிய அனுமதிச் சீட்டு) எரிக்கிற போராட்டத்துல கொன்னுட்டாங்க. இங்க பையன் நல்லா சொன்னான், சத்தமும் கொறைவு. கறுப்பு தொழிலாளிய சட்டமே தொழிலாளின்னு ஒத்துக்கலங்கற விஷயத்தை இங்கதான் புரியவெச்சான்: 1924ல வந்த தொழில் சமரச சட்டத்துல "ஊழியர்"ங்கற சொல்லுக்குள்ள பாஸ் வெச்சிருக்கற ஆள் வரமாட்டான். இந்தியன் பதிவு பண்ண சங்கத்துல இருக்கலாம், அவன் பக்கத்து மெஷின்ல நிக்கிற ஜூலு ஆளு இருக்கமுடியாது, இருந்தாலும் முதலாளி அவனோட பேச வேண்டியதில்ல. 1956ல அந்த சட்டத்தை இன்னும் இறுக்கி கலப்பு சங்கம் புதுசா பதிவே பண்ணமுடியாதுன்னுட்டாங்க. அதுக்கு நடுவுல 1949 ஜனவரி கலவரம் வேற, 142 பேர் செத்தது, இந்தியனும் ஆப்பிரிக்கனும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க பயந்த நேரம். அந்த நேரத்துலதான் இருபது வயசு ஆளு ரெண்டு பேரையும் ஒரே சங்கத்துல உக்கார வெக்கணும்னு அலைஞ்சிருக்கார். நான் அந்த எடத்துல நின்னு அஞ்சு நிமிஷம் யோசிச்சேன், என்னன்னு சொல்லி கூப்புட்டிருப்பார்னு.

அதுக்கப்புறம் கிரே ஸ்ட்ரீட், இப்போ யூசுப் தாதூ தெரு, அங்கேர்ந்து சாவில் தெருல லக்கானி சேம்பர்ஸ். சாக்டு ஆபீஸும், இங்க இந்தியருங்களோட அரசியல் அமைப்பான நேட்டால் இந்தியன் காங்கிரஸும் இருந்த கட்டடம். வெளிய நின்னு பாக்கறதுதான். சங்கத்துக்காரங்க பேரா பையன் வரிசையா சொன்னான், மாரிமுத்து நாயக்கர், அதாங்க எம்.பி. நாயக்கர், சர்க்கரைத் தொழிலாளர் சங்கத்துல இருந்து அப்புறம் பத்திரிகைக்கு போனவர், ஆர்.டி. நாயுடு, கே. மூன்சாமி. எல்லாம் நம்ம ஊர் வோட்டர் லிஸ்ட் மாதிரி இருக்கு. பையன் வாயில நாயக்கர் "நெய்க்கர்" ஆகுது, நாயர் "நேர்" ஆகுது, ரெண்டு தடவை திருத்தினேன், மூணாவது தடவை ஆன்ட்டி என் கைய கிள்ளிட்டாங்க.

குறை எங்கன்னா, லக்கானி சேம்பர்ஸ் வாசல்ல அவன் பேசுனது மொத்தம் அம்பது நிமிஷம், அதுல பால் சங்கம் ஆறு நிமிஷம் (போன்ல பாத்தேன்), மீதி முழுக்க ராபன் தீவு. கல்லு உடைச்சது, அடி வாங்குனது, யார் யார்கூட இருந்தாங்க, மண்டேலா என்ன சொன்னார். தப்புன்னு சொல்லல, அந்த மனுஷன் வாழ்க்கைல 20 வருஷம் அங்கதான் போச்சு, சொல்லாம எப்படி. ஆனா அந்தக் கதை கேப்டவுன் போட்ல ஏறினாலே கிடைக்கும். ஜெர்மன்காரங்க உச்சு கொட்டி கேட்டாங்க. "பால் கம்பெனில என்ன கோரிக்கை வெச்சாங்க, எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம்"னு நான் கேட்டேன். பையன் முழிச்சான். தெரியலன்னு நேர்மையா சொன்னான், அதுக்கு ஒரு ப்ளஸ் போடறேன். 1957ல ஒரு நாளைக்கு ஒரு பவுன் கூலின்னு சாக்டு நாடு முழுக்க கேட்டது மட்டும் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு பவுன் அப்ப என்ன வாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ள எறங்கியிருக்கும்.

அடுத்து நிக்கல் ஸ்கொயர். ஒரு காலத்துல செஞ்சதுக்கம்னு பேரு, ரெட் ஸ்கொயர், ஆயிரக்கணக்குல ஜனம் கூடி கூட்டம் நடந்த மைதானம். இப்போ மாடி மாடியா கார் பார்க்கிங். சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, நிழலா இருந்துச்சு, தண்ணி குடிச்சோம்.

இப்பதான் மேட்டர். அந்த பார்க்கிங் நிழல்ல பையன் ஒரு ப்ளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒரு கலர் ஜெராக்ஸ எடுத்து சுத்தி விட்டான். பழைய சங்க சந்தா கார்டு, யாரோ ரிட்டயர் ஆனவர் குடுத்ததாம், பேரை மறைச்சிருந்தாங்க. வாரத்துக்கு ஒரு கட்டம், சில கட்டத்துல முத்திரை, சில கட்டத்துல பேனால கிறுக்கின கையெழுத்து, நடுவுல நாலு கட்டம் காலி. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு, எங்கப்பா நோட்டு கண்ணு முன்னாடி வந்துருச்சு, அதுலயும் அப்படித்தான் காலி கட்டம் இருக்கும், பக்கத்துல பென்சில்ல "பொண்டாட்டி ஆஸ்பத்திரி"ன்னு எழுதியிருப்பார், அடுத்த மாசம் போயி கேக்கக்கூடாதுன்னு ஞாபகத்துக்கு.

ஆன்ட்டி அந்த ஜெராக்ஸ வாங்கி கண்ணாடிய மேல தூக்கி பாத்துட்டு, "எங்களுக்கு இது இல்ல மா, எங்களுக்கு ஸ்டாப் ஆர்டரு"ன்னாங்க. என்னன்னு கேட்டேன். அப்ப ஆரம்பிச்சவங்கதான்.

ஆன்ட்டி எண்பதுகள்ல துணி ஃபேக்டரில மெஷின் தைச்சவங்க, எட்டு வருஷம் ஷாப் ஸ்டீவர்ட், அதாவது ஃபேக்டரிக்குள்ள சங்கத்தோட ஆளு. ஆறு வருஷமா பழகறேன், ஒரு நாள் சொன்னதில்ல! அவங்க சொன்னது இதுதான்: இந்தியன், கலர்டு ஆளுங்களுக்கு பதிவான சங்கம், கூலிக் கவர்லயே சந்தாவ புடிச்சு கம்பெனி சங்கத்துக்கு அனுப்பிடும், அதுதான் ஸ்டாப் ஆர்டர். சொகம். ஆனா சங்கத்துக்காரன் மூஞ்சிய வருஷத்துக்கு ஒரு தடவைதான் பாப்போம், கிறிஸ்மஸ் பார்ட்டில. கறுப்பு ஆளுங்க சங்கத்த சட்டம் ஒத்துக்காத காலத்துல அவங்களுக்கு அந்த வசதியெல்லாம் கெடையாது, கைல கார்டு, கைல காசு, வாரா வாரம் ஒருத்தன் கேட்டுக்கு வந்து நிக்கணும். "அவன் வந்து நிக்கிறப்போ நீ சும்மாவா காசு குடுப்ப, ரெண்டு வார்த்தை திட்டிட்டுதான குடுப்ப, அந்த திட்டுதான் மா யூனியன்"னாங்க. பையன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டான். வாத்தியார் போன்ல ரெக்கார்ட் போட்டார், கேட்டுட்டு போடுங்கன்னு ஆன்ட்டி அதட்டினாங்க.

என்ன ஸ்ட்ரைக் பண்ணீங்கன்னு ஜெர்மன்காரம்மா கேட்டாங்க. ஆன்ட்டி சிரிச்சுட்டு மரக்கட்டை கதைய சொன்னாங்க. அவங்க ஃபேக்டரில பாத்ரூம் போகணும்னா லைனுக்கு ஒரு மரக்கட்டை, நம்ம சீப்பு அளவு, நம்பர் போட்டது, சூப்பர்வைசர் மேஜைல ஆணில தொங்கும். அதை எடுத்துட்டு போனா திரும்பி கொண்டுவந்து மாட்டுற வரைக்கும் அந்த லைன்ல வேற யாரும் எழுந்திருக்க முடியாது. முப்பத்திரண்டு பொம்பளைங்க, ஒரு கட்டை. மாசமா இருக்கறவளும் காத்திருக்கணும். ஆன்ட்டி மூணு வாரம் சிகரெட் அட்டைல யார் எத்தனை நிமிஷம் காத்திருந்தாங்கன்னு குறிச்சிருக்காங்க. கூட்டி பாத்து மேனேஜர்கிட்ட குடுத்தா அவர் அதை கிழிச்சு போட்டுட்டார். மறுநாள் காலை டீ முடிஞ்சு பெல் அடிச்சும் யாரும் மெஷின்ல கைய வெக்கல. கத்தல, கோஷம் இல்ல, சும்மா உக்காந்திருந்தாங்க, ரெண்டு மணி நேரம். மதியம் ஆணில ரெண்டாவது மரக்கட்டை தொங்குச்சு.

"அவ்ளோதானா"ன்னு ஜோபர்க் பையன் ஒருத்தன் கேட்டான், பத்து பன்னண்டு வயசு இருக்கும். "அவ்ளோதான், ஆனா நீ முப்பத்திரெண்டு பேரோட ஒரு கட்டைய பங்கு போட்டு பாரு"ன்னாங்க ஆன்ட்டி.

அதுக்கப்புறம் கைடு பேசறத யாரும் கேக்கல, பாவம். வேன்ல ஏறி கறிஸ் ஃபவுண்டன் மைதானம், அதுக்கு பக்கத்துலயே சாஸ்திரி காலேஜ். 1929ல தொறந்தது, நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேர்ல, அவர் இந்திய அரசாங்கத்தோட முதல் ஏஜெண்டா இங்க வந்தவர். கும்பகோணத்துக்காரங்க இருந்தா கட்டாயம் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. 1973 ஸ்ட்ரைக் பத்தி இங்க வெச்சு சொன்னான், ஜனவரி 9 காலைல கொரனேஷன் செங்கல் சூளைல ஒரு ரெண்டாயிரம் பேர் வேலைய நிறுத்தி வெளிய நடந்தது, வாரக் கூலி 9 ராண்டுக்கும் கீழ, 20 கேட்டு கடைசில 11.50க்கு ஒத்துக்கிட்டது, அது டர்பன் பூரா பத்திக்கிட்டது. தலைவர் யாருன்னு போலீஸ் தேடித் தேடி பாத்துச்சு, யாரும் முன்னாடி வந்து நிக்கல, வந்தா வேலை போயிடும்னு தெரியும். பில்லி நாயர் அப்ப தீவுல பத்தாவது வருஷத்துல இருக்கார். அவர் காலத்துல போட்ட விதைன்னு பையன் சொன்னான். இருக்கலாம். ஆன்ட்டி ஒத்துக்கல, "பசிதான் கண்ணு, விதையும் இல்ல ஒண்ணும் இல்ல"ன்னாங்க. ரெண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை, எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் தெரிஞ்சுது.

கடைசி ஸ்டாப் அம்பிலோ ரோடும் பழைய கேல் ஸ்ட்ரீட்டும் சேர்ற மூலை, 1946 ஜூன்ல கெட்டோ சட்டத்த (இந்தியருங்க எங்க நிலம் வாங்கலாம், எங்க குடியிருக்கலாம்னு கட்டுப்படுத்துனது) எதுத்து கூடாரம் போட்டு சத்தியாகிரகம் பண்ண எடம், ரெண்டாயிரம் பேர் கிட்ட ஜெயிலுக்கு போனாங்க, மூன்சாமியும் அதுல உண்டு. எறங்காம வேன் கண்ணாடி வழியா பாத்தோம், ரோபோட் பச்சை விழுந்துருச்சு, வண்டி போயிருச்சு. (புதுசா வந்தவங்களுக்கு, இங்க சிக்னல்தான் ரோபோட்.) இது சரியான மோசம். எறங்கி அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சிருக்கணும்.

சாப்பாடு. கால் ரொட்டி பன்னி சௌ, மட்டன் இல்லன்னா பீன்ஸ், டூர் காசுலயே அடக்கம். நான் மட்டன். ரொட்டிய குடைஞ்சு குழம்ப ஊத்தி, மேல அந்த எடுத்த ரொட்டித் துண்ட மூடியா வெச்சு, பேப்பர்ல வெச்சு தர்றாங்க. குழம்பு நல்ல காரம், கறிவேப்பிலை வாசம் தூக்குது, உருளைக்கிழங்கு கரைஞ்சு ரொட்டில எறங்கியிருந்துச்சு, ஆனா கறி எலும்புதான் ஜாஸ்தி. கேரட் சம்பல்ல வினிகர் கொஞ்சம் அதிகம். ஆன்ட்டி பீன்ஸ் வாங்கினாங்க, அதுதான் ஒரிஜினல்னு சொல்லி எனக்கு ஒரு வாய் குடுத்தாங்க, சத்தியமா என் மட்டன விட நல்லா இருந்துச்சு. பன்னி சௌ எப்படி வந்துச்சுன்னு கைடு ஒரு கதை, ஆன்ட்டி ஒரு கதை, கடைக்காரர் மூணாவது கதை. ஸ்பூன் கேக்காதீங்க, பாவமா பாப்பாங்க.

போறவங்களுக்கு: கேன்வாஸ் ஷூ போடுங்க, போன பைக்குள்ள வெச்சுக்கோங்க, பிப்ரவரி மார்ச்ல போகாதீங்க வேர்த்து ஊத்தும், பாத்ரூம் நடுவுல ஒரே ஒரு தடவைதான், அதுவும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல, அதனால காலைல காபிய கம்மி பண்ணுங்க. எட்டு வயசுக்கு கீழ பிள்ளைங்கள கூட்டிட்டு போகாதீங்க, நடக்கமாட்டாங்க. ஸ்பீக்கர் மாத்துங்கன்னு சொல்லியிருக்கேன், மறுபடியும் தம்ஸ் அப் வந்துச்சு.

அஞ்சுக்கு மூணரை. பால் சங்கத்த பத்தி நாலு விஷயம் தேடி கண்டுபிடிச்சு சேத்தான்னா நாலரை குடுப்பேன். பையன் கடைசில ஆன்ட்டி நம்பர வாங்கிட்டு போனான், அடுத்த மாசம் டூர்ல வந்து பேசறீங்களா, காசு தர்றோம்னு. ஆன்ட்டி எவ்ளோன்னு கேட்டாங்க. அவன் சொன்ன தொகைக்கு "நான் யூனியன்காரி தம்பி, மறுபடி யோசிச்சுட்டு வா"ன்னு அனுப்பிட்டாங்க, பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு.

எனக்கு மட்டும் வர்ற சனிக்கிழமை அந்த பழைய ஃபேக்டரி இருந்த எடத்த காட்டறேன்னு சொல்லியிருக்காங்க, இப்போ அது ஏதோ டயர் குடோனாம். ஃபேக்டரி மூடுன அன்னைக்கு ஆணிலேர்ந்து ரெண்டாவது மரக்கட்டைய கழட்டி ஹேண்ட்பேக்ல போட்டுட்டு வந்துட்டாங்களாம், கிச்சன் டிராயர்ல கெடக்குதாம், அதையும் எடுத்துட்டு வர்றாங்க. டிக்கெட் கிடையாது, எலுமிச்சை சாதம் நான் கட்டிட்டு போகணும்.